பெரம்பூர் வெயிலில் மொட்டுக் காளான்

சென்னைக்கு ஏற்றது பால் காளான். 30, 35 டிகிரியில் சுகமாக வளரும். மொட்டுக் காளான் எனும் பட்டன் மஷ்ரூமுக்கோ வேர்போன்ற வெள்ளை இழை ஓட 25 டிகிரி, மொட்டு விட 16, 17 டிகிரி வேண்டும். நம் ஊர் மார்கழி ராத்திரிகூட அந்தக் குளிரைத் தராது. அதனால் இதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்றுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த வேலை லிக்விட் கல்ச்சர், அதாவது காளான் இழையைத் தேன்தண்ணீரில் வளர்ப்பது. அரை லிட்டர் தண்ணீரில் 20 கிராம் தேன், குலுக்கும்போது இழையை உடைக்க ஒரு கோலிக்குண்டு. ஜார் மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்று காற்றுக்கு, அதன்மேல் மருந்துக்கடை மைக்ரோபோர் டேப். மற்றொன்றை அடைப்பது புதுப்பேட்டையில் வாங்கிய சிவப்பு கேஸ்கெட் பேஸ்ட், பைக் எஞ்சினுக்குப் போடுவார்களே, அதேதான். குக்கர் சூட்டைத் தாங்கும்; ஊசி குத்தி எடுத்தாலும் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் 20 நிமிடம். அதிகம் வைத்தால் தேன் கருகித் தண்ணீர் பழுப்பாகிவிடும், உள்ளே நடப்பது தெரியாது. "ஏம்மா, இவ்வளவு நேரமா வெறும் தேன்தண்ணியா வேகுது?" என்பார் அத்தை.

மொட்டுக் காளான் இழையை ஊசியால் ஜாருக்குள் விட்ட பிறகு பொறுமைதான். சிப்பிக் காளான் ஜாரை நிரப்பும் நேரத்தில் இது அங்கங்கே பஞ்சுத் துணுக்காக மிதக்கும். குலுக்காமல் ஒரு ராத்திரி வையுங்கள். துணுக்கு அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்தால் நல்லது. கலங்கியே இருந்தால் பாக்டீரியா, தயங்காமல் கொட்டிவிடலாம். தெளிந்ததையும் நான் நம்பிவிடுவதில்லை. சைனா கிராஸ் காய்ச்சி ஊற்றிய தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே, விதை தயாரிக்கும் சோளத்துக்குப் போகும்.

சோளம் வெடிக்காமல் வேக வேண்டும். வேட்டியில் பரப்பி ஈரம் போக்கி, கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் கட்டி மறுபடி குக்கர், இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம். ஆறியபின் கல்ச்சர். பை முழுக்க வெளுத்தால் விதை தயார்.

சிப்பிக் காளானைப் போல மொட்டுக் காளான் வெறும் வைக்கோலில் வராது, மக்கிய உரம் வேண்டும். வைக்கோலும் கோழி எருவும் ஜிப்சமும் சேர்த்து அடுக்ககத்தில் மக்க வைத்தால் அம்மோனியா நாற்றத்துக்கே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். ஊட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து பக்குவமான உரத்தைப் பையாக வரவழைக்கிறேன்.

விதை கலந்த உரம் முழுக்க இழை ஓடியதும் மேல்மண். ஊறவைத்த தென்னைநார்க் கழிவில் சுண்ணாம்பு கலந்து, ஒன்றரை அங்குலம். இது இல்லாவிட்டால் இழை படர்ந்துகொண்டே இருக்கும், மொட்டு விடாது. இதைக் குக்கரில் வைக்கவும் கூடாது. மொட்டைத் தூண்டுவதில் மேல்மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு, அதனால் 60 டிகிரி ஆவி போதும். ஜாரில் அவ்வளவு விரட்டிய பாக்டீரியாவுக்கு இங்கே வரவேற்பு!

ஃபிரிட்ஜுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கி 17-இல் நிறுத்தியிருக்கிறேன். கதவை அடிக்கடி திறந்து விசிற வேண்டும். காம்பு நீண்டு தலை சிறுத்தால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது என்று அர்த்தம். குடையின் அடிச்சவ்வு கிழியும் முன்பே திருகி எடுத்துவிடுங்கள்.

கரண்ட் செலவைக் கணக்குப் பார்த்தால் கோயம்பேட்டில் வாங்குவதே லாபம். அறுவடை ஓய்ந்த உரத்தில் உப்பு அதிகம். சில மாதம் மழையில் போட்டு வைத்து, பிறகுதான் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடுகிறேன்.