அப்பாவோட ஜிப்சிக்கு எந்த இன்ஜெக்‌ஷன்?

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

அப்பாவோட பழைய மாருதி ஜிப்சி ஜீப்புக்கு மாத்திப் போட வேற எஞ்சின் வந்து இறங்கிடுச்சு. ஜிப்சி கிங்ங்கற அடுத்த மாடல்ல வந்த ஜி13பிபி, பெட்ரோல இன்ஜெக்டர் வச்சு பீச்சற இன்ஜெக்‌ஷன் எஞ்சின், 1298 சிசி, 16 வால்வு, கியர்பாக்ஸோட சேர்த்தே வாங்கியாச்சு. நம்மூர்ல காயலாங்கடைன்னு சொல்றத இங்க பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் குஜிரிங்கறாங்க, அங்க தான் மூணு வாரமா அலைஞ்சேன். இப்ப அப்பாவோட வண்டி, பழைய மாடல் எம்ஜி410ல இருக்கறது 970 சிசி, கம்ப்யூட்டர் இல்லாம காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்பரேட்டர், புதுசுலயே 45 ஹெச்பி தான். மாசம் ஒரு தடவ ஆம்பூர் போய்ட்டு வரணும், திரும்பி வர்றப்ப கிருஷ்ணகிரி தாண்டி மேல ஏறும்போது அது படுற பாடு பாத்தா மனசு கேக்கல. வண்டிய மட்டும் விக்க மாட்டேன், அப்பா முதல் முதலா வாங்குன வண்டி.

ஒரே கம்பெனி எஞ்சின், அதே பெட்ரோல், அதனால ஆர்டிஓல பேச ஒரு வழி இருக்கு. 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம் ஆர்சில இருக்கறத மாத்தற எதையும் கேக்காம பண்ணக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன், அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாச்சு.

ஒரே வருத்தம். எஞ்சின கழட்டுன ஆள் வயரிங் செட்ட ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) கிட்ட கட்டிங் ப்ளேயர்ல ஒரே வெட்டா வெட்டிட்டார். ஈசியூ, அதாவது இன்ஜெக்‌ஷன நடத்துற கம்ப்யூட்டர், கையில இருக்கு, இன்ஜெக்டர்ல கனெக்டர் இருக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 9, சனி

மெக்கானிக் அண்ணன் எஞ்சின சுத்தி சுத்தி பாத்துட்டு, "தம்பி, இந்த மேனிஃபோல்ட கழட்டிட்டு கார்பரேட்டர் போட்டுறலாம், வயரிங் தொல்லையே இல்ல"ன்னார். மேனிஃபோல்ட்னா காத்த நாலு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பற குழாய். முப்பது வருஷ அனுபவம், சும்மா சொல்ற ஆள் இல்ல. ஆனா எனக்கு ஒத்துக்க முடியல.

பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்துல இருக்கு. இங்க காத்தழுத்தம் 91 கிலோபாஸ்கல் கிட்ட, கடல் மட்டத்துல 101. காத்து லேசா இருக்குன்னு கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையான ஜெட்டுக்கு தெரியாது, உயரம் ஏற ஏற கலவைல பெட்ரோல் கூடிட்டே போகும். இங்க சரியா ட்யூன் பண்ணுனா ஆம்பூர்ல லீனா (பெட்ரோல் கம்மியா) ஓடும், அங்க சரி பண்ணுனா இங்க கருப்பா புகை விடும். இன்ஜெக்‌ஷன்னா மேப் சென்சார் மேனிஃபோல்டுக்குள்ள இருக்கற அழுத்தத்த நேரா அளந்து சொல்லிடும், அந்த வேலைய ஈசியூ பாத்துக்கும். இப்ப பங்க்ல வர்றதெல்லாம் இ20 வேற, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா இதுக்கு 13.5 கிட்ட தான். ஆக்ஸிஜன் சென்சார் வச்ச சிஸ்டம் அத பாத்து தானே திருத்திக்கும்.

கார்பரேட்டர் இருக்கற இடத்துல அப்படியே உக்கார்ற த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனும் யோசிச்சேன். அமெரிக்கால பெரிய வி8க்கு எல்லாம் அது நல்லா தான் இருக்கு. ஆனா நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா இன்ஜெக்டர் உக்கார இடம் போட்ட மேனிஃபோல்ட் கையில இருக்கறப்ப, அத தூக்கி போட்டுட்டு ஒரே வாயில பெட்ரோல் ஊத்தறது எதுக்கு. அத விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு வாரமா ராத்திரி தூக்கம் இல்லாம ஸ்டாண்ட்அலோன் ஈசியூ, அதாவது கம்பெனி ஈசியூவுக்கு பதிலா நாமளே ட்யூன் பண்ணிக்கற ஈசியூ பத்தி தான் படிக்கறேன். ஸ்பீடுயினோ, மெகாஸ்கொயர்ட், ரெண்டும். ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகாங்கற சின்ன கம்ப்யூட்டர் போர்டு மேல ஓடுது, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல போனா பாதி சாமான் ஒரே நாள்ல வாங்கிடலாம். எஞ்சினோட சேந்து சுத்தற க்ராங்க் புல்லில 36-1 பல் சக்கரம், அதாவது 36 பல்லுக்கு இடம் விட்டு ஒண்ண மட்டும் வெட்டிட்டு, அந்த இடைவெளிய வச்சு எஞ்சின் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது. பீண்யால லேத் வச்சிருக்கற ஃப்ரெண்ட் அத வெட்டித் தர்றேன்னு சொல்லிட்டான்.

இன்ஜெக்டர் கணக்கும் போட்டு பாத்தேன். ஒரு ஹெச்பிக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல், 80 ஹெச்பிக்கு 40 பவுண்டு, நாலால வகுத்தா ஆளுக்கு 10, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து திறந்திருக்க கூடாதுன்னு வச்சா 12.5 பவுண்டு, நிமிஷத்துக்கு 131 சிசி கிட்ட. ஸ்டாக் (கம்பெனியோட வந்த) இன்ஜெக்டரே தாராளம். பெருசா போட்டா ஐடில்ல (வண்டி நிக்கறப்ப எஞ்சின் சும்மா ஓடறப்ப) ரொம்ப கொஞ்ச நேரம் தான் திறக்கணும், அங்க கணக்கு ஆடும், அதனால பெருசு நல்லதுன்னு இல்ல.

மனசு முழுக்க இதுல தான் இருக்கு. ஆனா விஇ டேபிள் (எந்த வேகத்துல, எந்த லோடுல எஞ்சின் எவ்வளவு காத்து இழுக்கும்ங்கற அட்டவணை) நிரப்பணும், கலவைய அளக்கற வைட்பேண்ட் சென்சார் வச்சு ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் லேப்டாப் பாக்கணும், குளிர்ல ஸ்டார்ட் ஆகறதுக்கு தனி டேபிள், அதுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு தான், காலைல எஞ்சின் ஆறி இருக்கறப்ப.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டீ குடிச்சிட்டே அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி பதினொரு மணிக்கு வாணியம்பாடி தாண்டி நின்னுடுச்சு, வண்டில உங்கப்பாம்மா இருக்காங்க. யார கூப்பிடுவ?"

பதில் இல்ல என்கிட்ட. ஸ்டாக் சிஸ்டம்னா ஹைவேல எந்த மாருதி மெக்கானிக்கும் பாத்திருப்பார், சென்சாரும் ரிலேயும் ஊருக்கு ஊர் கிடைக்கும். நானே சால்டர் பண்ணுன போர்டு நின்னா அத தெரிஞ்ச ஒரே ஆள் நான் தான், லேப்டாப் வீட்ல இருக்கும். எனக்காக மட்டும்னா ஸ்பீடுயினோ தான் போட்டிருப்பேன், இப்பவும் அது மேல ஆசை போகல. இது அப்பா உக்கார்ற வண்டி. ஸ்டாக் ஈசியூ, வெட்டாத வயரிங் செட். முடிவு பண்ணியாச்சு.

செப்டம்பர் 6, சனி

வயரிங் செட் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜேசி ரோடு வழியா கேட்டு கேட்டு கடைசில கிடைச்சுது, எஞ்சின் விலைல கால்வாசி. வெட்டாம, ஃப்யூஸ் பாக்ஸோட. கைல வாங்கினப்ப நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா ஈசியூ பத்தி மூணு வாரம் மண்டைய உடச்சேனே, வேலை பூரா பெட்ரோல் வர்ற பக்கம் தான் இருந்துச்சு. கார்பரேட்டருக்கு கால் பார் அழுத்தம் போதும், இதுக்கு சுமார் 3 பார். பழைய ரப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்துக்கும் தாங்காது, இ20க்கும் தாங்காது. எல்லாத்தையும் கழட்டிட்டு இன்ஜெக்‌ஷனுக்குன்னே வர்ற ஹோஸும் கிளாம்பும் போட்டோம், இதுல காசு மிச்சம் பிடிக்கவே கூடாது, பக்கத்துலயே சைலன்சர் சூடு இருக்கு.

அடுத்தது டேங்க். பழைய டேங்க்ல உள்ள பம்ப் கிடையாது, தடுப்பும் சரியா இல்ல. கால் டேங்க் பெட்ரோலோட வளைவுல சாஞ்சா ஒரு பக்கம் ஒதுங்கிடும், பம்ப் காத்த உறிஞ்சும், அழுத்தம் விழும், கலவை லீன் ஆகும், அதுவும் ஏத்தத்துல லோடு இருக்கறப்ப. கார்பரேட்டர்ல கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம் நிக்கும், இங்க அது இல்ல. அதனால ஒரு லிட்டர் சர்ஜ் டேங்க்: சின்ன பம்ப் அத எப்பவும் நிரப்பிட்டே இருக்கும், பெரிய பம்ப் அதுல இருந்து எடுக்கும், இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் கொடுக்கற குழாயான ரெயில்ல மிச்சமானது திரும்ப அதுக்கே வரும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கீ போட்டதும் கேஜ்ல 3 பார், அப்படியே நிக்குது, எங்கயும் ஒழுகல. மூணாவது சுத்துல ஸ்டார்ட் ஆச்சு. ஐடில் மட்டும் ஏறி இறங்கி ஊசலாடுச்சு, வேக்கம் லீக்னு நெனச்சு ஒரு மணி நேரம் தேடுனோம், கடைசில பாத்தா எர்த். மேனிஃபோல்ட்ல நான் அழகா பெயிண்ட் அடிச்ச இடத்துல தான் எர்த் போல்ட் உக்காந்திருக்கு. சுரண்டி மாட்டுனதும் நின்னுடுச்சு. பெட்ரோல் அழுத்தத்த கட்டுப்படுத்தற ரெகுலேட்டரோட வேக்கம் ஹோஸ கழட்டினா அழுத்தம் ஏறுது, மாட்டினா இறங்குது, அதுவும் ஒழுங்கு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எலுமிச்சம்பழம் வச்சு, பூசணிக்காய் உடச்சு, அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு அல்சூர் ஏரிய ஒரு சுத்து. "சத்தமே மாறிடுச்சுடா"ன்னார். மூணாவது கியர்ல மிதிச்சப்ப டேஷ்போர்ட பிடிச்சுகிட்டார், ஆனா மெதுவா போன்னு சொல்லல.

வீட்டுக்கு வர்றதுக்குள்ள செக் லைட் எரிஞ்சுது. டயக்னாஸ்டிக் டெர்மினல ஒரு சின்ன வயரால எர்த் பண்ணுனேன். ரெண்டு மினுக்கு, இடைவெளி, நாலு மினுக்கு. கோட் 24, ஸ்பீட் சென்சார். பழைய மீட்டர்ல அந்த சென்சாரே கிடையாது, அதான் சிக்னல்ல நிக்கறப்ப ஐடில் கொஞ்சம் தடுமாறுது. அண்ணனுக்கு போன் பண்ணேன், கிங்கோட மீட்டர் ஒண்ணு சனிக்கிழமை எடுத்து வைக்கறேன்னார்.