அழைப்பு மணியில் அப்பாவின் பெயர்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்க வந்த இரண்டாம் நாள், மாணவர் விடுதி வாசலில் என் அறைக்குரிய அழைப்பு மணியின் அருகில் ‘சண்முகம்’ என்று அச்சிட்ட காகிதத் துண்டு செருகப்பட்டிருந்தது. சண்முகம் என் அப்பா. கோவில்பட்டியை விட்டு அதிகம் வெளியே போகாதவர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருந்ததால், ‘ச’ என்ற முன்னெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை அங்கே எழுதியிருந்தோம். அதன் விளைவாக வங்கிக்கும் தபால்காரருக்கும் பேராசிரியருக்கும் நான் ‘ஹெர் சண்முகம்’, அதாவது திரு. சண்முகம் ஆனேன். பதிவு அலுவலகத்தில் அப்படி அழைத்தபோது யாரையோ அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்திருந்து, என் முறையைத் தவறவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அம்மா என்னைத்தான் பார்ப்பார்.

பொதுச் சமையலறையில் பக்கத்து அறைப் பெண் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டாள். ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னெழுத்து மாறிவிடும், தாத்தாவுக்கும் எனக்கும் பொதுவான பெயர் எதுவும் கிடையாது என்று விளக்கினேன். மாவு ஆலைக்காரர் என்று பொருள்படும் முல்லர் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் குடும்பத்தில் பிறந்த அவள், “அப்படியானால் இன்ன குடும்பம் என்று உங்கள் ஊரில் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?” என்றாள்.

விடை நாக்கு நுனி வரை வந்தது. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் அவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் உண்டு. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது என்பது பள்ளியில் எனக்கு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி மட்டுமே. என் பெயரின் பின்னால் ஒன்றும் இல்லாததற்கு அந்த வரியும் ஒரு காரணம் என்பது, பருப்பு கொதித்துக்கொண்டிருந்த அந்த ஜெர்மன் சமையலறையில்தான் உறைத்தது. ஆனால் பெயரிலிருந்து போனது ஊரிலிருந்து போய்விடவில்லை. எங்கள் பக்கத்தில் தெருவின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தைக் கேட்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையும் அப்பா பெயரையும் சொன்னால் தெரிந்துவிடும் என்று சொல்லி, பருப்பைக் கிளறப் போய்விட்டேன்.

அன்றிரவு வீடியோ அழைப்பில் அப்பாவுக்கு வாசல் மணியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், “எல்லாம் சரிதான், என் இனிஷியலை ஏன் விட்டுவிட்டார்கள்?” என்றார்.