600 ரூபாய்க்கு ஒரு ஸ்வெட்டர்

போன கார்த்திகைல எதுத்த வீட்டக்கா செல்போன்ல ஒரு படத்தக் காட்டிக்கிட்டே எங்க பெரியம்மாகிட்ட வந்து நின்னாங்க. பையன் ஜனவரில கனடாவுக்குப் படிக்கப் போறான், இதே மாதிரி ஒண்ணு பின்னிக் குடுங்கக்கா, காசு வாங்கிக்கங்க, சும்மா வேணாம், 600 ரூபா தாறேன்னாங்க. படத்துல இருந்தது கழுத்த மூடுற டர்ட்டில் நெக், முன்னாடி பூரா சடை மாதிரி முறுக்கி முறுக்கி ஓடுற கேபிள் டிசைன், முழுக்கை. பெரியம்மா கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, காப்பி போடப் போயிருச்சு.

பெரியம்மாவுக்கு இந்த வேலை எப்படித் தெரியும்னா, பெரியப்பா மிலிட்டரி, ஜலந்தர் குவாட்டர்ஸ்ல இருந்தப்ப பஞ்சாபி அக்காமாருககிட்ட கத்துக்கிட்டது, அங்க குளிருக்குப் பின்னுனது இங்க வந்தும் கை நிக்கல, எங்க குடும்பத்துல பொறந்த அம்புட்டுப் பிள்ளைக்கும் குல்லாவும் சாக்ஸும் அதுதான். மதுரை வெயில்ல அதப் போட்டுக்கிட்டு வேர்க்குரு வந்து அழுத பயலுகள்ல நானும் ஒருத்தன்.

அன்னிக்கு ராத்திரி நான் சும்மா ஒரு பேப்பர எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆம்பள சைஸுக்கு அரைக்கிலோ நூல் வேணும், கேபிள் டிசைன்னா இன்னும் குடிக்கும், ஏன்னா முறுக்குறப்ப துணி அகலத்துல சுருங்கிரும், அதே அகலம் வரணும்னா ஊசில கண்ணு கூடப் போடணும். விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி கடைல 100 கிராம் அக்ரிலிக் பந்து 90 ரூபா, ஆறு பந்து 540. நேரம்தான் பெரிய சங்கதி. பெரியம்மா ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் சீரியல் பாத்துக்கிட்டே ரெண்டு ரெண்டரை மணி நேரம் பின்னும், இந்த மாதிரி ஒண்ணுக்கு 25 நாளாவது ஆகும், அப்ப 60 மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்னு வச்சா ஏழரை நாள் கூலி. நூறு நாள் வேலைக்கு 2025ல நம்ம மாநிலத்துக்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா, அதையே வச்சாக்கூட 2520. நூலையும் சேத்தா 3060 ரூபா. நம்ம அக்கா சொன்னது 600.

அக்காவத் தப்பு சொல்லவும் முடியல. வருஷா வருஷம் குளிர் நேரத்துல திபெத்துக்காரங்க வந்து வரிசையாக் கடை போடுறாங்கள்ல, அங்க 650க்கு முழுக்கை ஸ்வெட்டர் தொங்குது, பேரம் பேசுனா இன்னும் குறையும். கொடைக்கானல் ஏழு ரோட்டுலயும் அப்படித்தான். விசாரிச்சா முக்காவாசி லூதியானா சரக்கு. அங்க கம்ப்யூட்டர் மிஷின் முன்பக்கம், பின்பக்கம், கைன்னு தனித்தனியா ஒரு மணி நேரம் முன்னப்பின்ன பின்னித் தள்ளிருது, ஆளு வேலை அதுக்கப்புறம்தான், லிங்கிங் மிஷின்ல கழுத்தையும் தோளையும் கண்ணு கண்ணாக் கோத்து மூட்டணும். அதுலயும் ரெண்டு தினுசு இருக்கு. ஒவ்வொரு துண்டையும் அளவாவே பின்னி எடுக்குறது ஒண்ணு, நூல் வீணாகாது, விலை கூட. இன்னொண்ணு நம்ம திருப்பூர் பனியன் மாதிரி, துணியாப் பின்னி வெட்டித் தைக்குறது, வேகமா முடியும், வெட்டுன துண்டு குப்பைக்குப் போகும். உள்பக்கம் திருப்பிப் பாருங்க, ஓவர்லாக் தையல் தடிப்பா ஓடுச்சுன்னா வெட்டித் தச்சது.

அந்த 650 ரூபா ஸ்வெட்டருக்குக் கம்பளின்னு பேர்தான், அது அக்ரிலிக், பெட்ரோலியத்துல இருந்து வர்ற நூல். பூச்சி அரிக்காது, வாஷிங் மிஷின்ல போடலாம், ஆனா ரெண்டு மாசத்துல அக்குள்கிட்ட உருண்டை உருண்டையாத் திரண்டுரும். சந்தேகம்னா ஒரு இணுக்கு நூல உருவி நெருப்புல காட்டுங்க. நெசக் கம்பளின்னா தலைமுடி கருகுற வாடை வரும், நெருப்ப எடுத்ததும் அணைஞ்சிரும், சாம்பல நசுக்குனா பொடியாகும். அக்ரிலிக் உருகி முத்து மாதிரி கெட்டியா நிக்கும். (கடைக்காரர் முன்னாடி வேணாம்.) கம்பளி தன் எடைல 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த உறிஞ்சிக்கிட்டும் தொட்டா ஈரமாத் தெரியாது, அதனாலதான் பனி ஊர்ல அதுக்கு அம்புட்டு மரியாதை.

நெசக் கம்பளிக்கு நம்ம ஊர் ஆட்டப் பாத்துப் புண்ணியமில்ல. கீழகரிசல், வேம்பூர் ஆடெல்லாம் உடம்புல வெறும் முடிதான், கறிக்குத்தான் ஆகும். கொடைக்கானலுக்கு மேல மன்னவனூர்ல மத்திய அரசு ஆட்டுப் பண்ணைல பாரத் மெரினோங்குற கம்பளி ஆடு வளக்குறாங்க, 1965ல இருந்து இருக்குற பண்ணை அது, சின்னதுல டூர் போனப்ப அந்த ஆட்டு முடிக்குள்ள கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் முங்கிருச்சு. மெரினோ நூல் விசாரிச்சேன், 100 கிராம் 700 ரூபாய்க்கு மேல. காஷ்மீர் ஆட்டு உள்முடி கதையே வேற, ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு நூறு இருநூறு கிராம்தான் தேறும், மூணு நாலு ஆடு சேந்தாத்தான் ஒரு ஸ்வெட்டர்.

மறுநாள் அக்கா திரும்ப வந்தாங்க. நான் பேப்பர நீட்டப் போனேன், பெரியம்மா முறைச்ச முறைப்புல மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். "600 குடு போதும், ஆனா கழுத்து மூடாது, வி நெக்தான், டிசைனு கிடையாது, கையும் கிடையாது"ன்னுச்சு. அக்கா "கை இல்லாம எப்படிக்கா, அங்க பனில்ல கொட்டும்"னாங்க. "சட்டைக்கு மேல போட்டு அதுக்கு மேல கோட்டு போடப் போறான், கை எதுக்கு, முழங்கைல மடிஞ்சுக்கிட்டு"ன்னு பெரியம்மா. கை ரெண்டுக்குமே வேலைல மூணுல ஒரு பங்கு போகும்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

நாலு பந்து நூல், நேவி ப்ளூ. 15 நாள்ல முடிஞ்சுது. நூலுக்கு 360 போக பெரியம்மா கையில நின்னது 240 ரூபா, அதுலயும் 100 ரூபாய பையன் ஏர்போர்ட் கிளம்புறப்ப விபூதி பூசிவிட்டு அவன் கையிலயே வச்சு அமுக்கிருச்சு, நான் என்னத்தச் சொல்ல.

பொங்கலுக்கு அவன் அங்கேயிருந்து போட்டோ அனுப்பியிருந்தான், பனிக்குள்ள நிக்கிறான், கோட்டு திறந்திருக்கு, உள்ள நேவி ப்ளூ தெரியுது. அக்கா அதக் கொண்டாந்து காட்டிட்டு, போற போக்குல வாசப்படில நின்னு, "ஏக்கா, அதுக்குக் கை மட்டும் தனியாப் பின்னி பார்சல் பண்ணுனா அவன் மாட்டிக்கிருவானா?"ன்னு கேக்குறாங்க.