எரர் பூஜ்ஜியம், பதில் மட்டும் தப்பு

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக ஒரு கேள்வி-பதில் ஆப் நடத்துகிறோம். தமிழில் கேட்டால் சாகுபடிக் கையேடுகளில் தேடி, கிடைத்த பத்திகளை ஏஐ மாடலிடம் கொடுத்துப் பதில் சொல்லும். ஜூலை மழையும் மூடுபனியும் சேர்ந்ததும் கொப்புள நோய்க் கேள்விகள் குவிந்தன. "கொப்புளத்துக்குக் கேட்டா சிவப்புச் சிலந்திக்கு மருந்து சொல்லுதே தம்பி" என்று ஒரு பெரியவர் போனில் பிடித்துக்கொண்டார். ஆப்பைக் கண்காணிக்கும் டாஷ்போர்டான கிராஃபானாவில் பார்த்தால் எல்லாம் பச்சை. எல்லா ரிக்வெஸ்ட்டும் 200, அதாவது 'வெற்றி'.

ஏஐ ஆப்பில் இதுதான் தொல்லை. மற்ற மென்பொருள் பெரும்பாலும் விழுந்து காட்டிக்கொடுக்கும். இது நிதானமாக, நல்ல தமிழில் தப்பு சொல்லும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, ஆப்பின் ஒவ்வொரு படியையும் பதியும் திறந்தமூலக் கருவியான ஓப்பன்டெலிமெட்ரியைச் சேர்த்தோம். 2019இல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு பழைய திட்டங்களையும் இணைத்து உருவானது. நாளைக்கு டாஷ்போர்டை மாற்றினாலும் நிரலைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்வியின் முழுப் பயணமும் ஒரு ட்ரேஸ், அதற்கு ஒரு ட்ரேஸ் ஐடி, அதற்குள் தேடலுக்கும் மாடல் அழைப்புக்கும் தனித்தனி ஸ்பான், அதாவது அந்தப் படியின் பதிவு. மாடல் பெயர், டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் துண்டு) கணக்கு, எடுத்த நேரம் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. ஆனால் தேடல் எந்தப் பத்தியை எடுத்தது, என்ன பொருத்த மதிப்பெண்ணில் எடுத்தது என்பதை நாமேதான் எழுதி வைக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. என்னைக் கேட்டால் முதலில் பதிய வேண்டியதே இதுதான்.

பதிந்த பிறகு லாக்கில் (பதிவுக் கோப்பில்) 'கொப்புள' என்று தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. லாக்கை எழுதும் பைத்தானின் ஜேசன் நூலகம், நாம் சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகளை பேக்ஸ்லாஷ்-யூ என்று தொடங்கும் குறியீடுகளாக்கித்தான் எழுதும். 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கியதும் தமிழ் தமிழாகத் தெரிந்தது.

பெரியவரின் ட்ரேஸைத் திறந்தோம். கொப்புள நோய்ப் பத்தி பட்டியலிலேயே இல்லை. பிடிஎஃப்பிலிருந்து எடுத்த கையேட்டில் 'கொ' என்பது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக இருந்தது. போன் கீபோர்டிலோ கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சொல் தேடலுக்கு வேறு. 'நோய்' என்பதற்கும் அதே கதி. ஆக 'தேயிலை', 'மருந்து' மட்டும் பொருந்திய சிலந்திப் பத்தி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கையேடு, கேள்வி இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றியதும் சரியான பத்தி வந்தது.

கேள்விக்குள் மக்கள் போன் நம்பர், கடன் விவரம் வரை சொல்லிவிடுகிறார்கள். அதனால் லாக்கில் ஏறும் முன்பே நம்பர்களை மறைக்கிறோம். முழுக் கேள்வியை அதிக நாள் வைப்பதில்லை. பதிலுக்குக் கீழே 'சரியில்லை' பட்டன் வைத்து, அதை ட்ரேஸ் ஐடியோடு கோர்த்தோம். இப்போது காலையில் கிராஃபானாவுக்கு முன் அந்தப் பட்டியலைத்தான் திறக்கிறேன்.