தெற்கு மாட வீதியில் ஆறு ரோல்கள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள் விரிக்கப்படும் காலை வேளைகளில், நான்கு மாதங்களாகக் கறுப்பு வெள்ளைத் தெருப் புகைப்படம் பழகிவருகிறேன். பழைய ஃபிலிம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் ஃபிலிம் ஆகியவையே என் கருவிகள். நேற்று ஆறாவது ரோலைக் கழுவி உலர்த்தினேன்.

முதல் இரண்டு ரோல்களில் பெரும்பாலான படங்கள் ஃபோகஸ் தவறியவை. லென்ஸின் திறப்பை எஃப் 8 என்ற அளவில் வைத்து 3 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறத்தாழ 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும் என்று அறிந்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. தக்காளியும் பச்சை மிளகாயும் ஃபிலிமில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடுவதையும், முள்ளங்கிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இருந்தால்தான் கூடைக்கு உயிர் வருவதையும் அப்போதுதான் கண்டேன்.

மூன்றாவது ரோலில், தார்ப்பாய் நிழலில் அமர்ந்து காய் நிறுக்கும் ஓர் அம்மாவை, அவருடைய அனுமதி பெற்று எடுத்தேன். அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தராசு தெரியுது, தட்டு தெரியுது, என் மூஞ்சிதான் தெரியல தம்பி” என்றார். அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஒருவரைப் படமெடுத்துவிட்டு அவர் முகத்தை இருட்டாக்கித் தருவது சிறு பிழையன்று.

வீட்டில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடம் எதுவும் பதியாமல் கண்ணாடிபோல் இருந்தது. அதை எந்த அச்சும் மீட்காது. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர், தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கருதிக் கணக்கிடுகிறது. பின்னால் வெயில் விழுந்த சாலையும் அதில் நடந்த வெள்ளை வேட்டிகளும் அதை ஏமாற்ற, நிழலில் இருந்த கறுத்த முகத்திற்குப் போதிய ஒளி கிடைக்கவில்லை.

ஆகவே நான்காவது ரோலிலிருந்து, அதே நிழலில் என் உள்ளங்கையை நீட்டி அளந்து, அந்த அளவைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, ஒளி விடுகிறேன். முகத்தின் விவரத்துக்காக இன்னும் ஒரு ஸ்டாப்பும் சேர்க்கிறேன். சாலை வெளுத்துப்போகும் என்று அஞ்சினேன், ஆனால் இந்த ஃபிலிம் மிகுந்த ஒளியை நன்றாகவே தாங்குகிறது. ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரில்தான் கவனம் வேண்டும்: ஐ.டி.-11 என்னும் டெவலப்பரைச் சம அளவு நீரில் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது கணக்கு, நம் குழாய்த் தண்ணீரோ 30 டிகிரியில் வருகிறது. பனிக்கட்டி போட்ட தொட்டியில் பாட்டில்களை நிறுத்திக் குளிரவைத்த பின்னரே தொடங்குகிறேன்.

ஆறாவது ரோலில் அதே அம்மாவின் கண்ணோரச் சுருக்கங்களும் மூக்குத்தியின் ஒளிப்பொட்டும், கறுப்பின் பல படிகளோடு, விழுந்திருக்கின்றன. ஆயினும் கூட்டிய ஒளிக்காக ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கியதால் காய் அள்ளும் கை கலங்கிவிட்டது. ஏழாவது ரோலில் எஃப் 5.6-க்குத் திறந்து 1/125-இல் எடுக்கப்போகிறேன்; தெளிவு 5 மீட்டரோடு நின்றுவிடும், ஆனால் அவர் எனக்கு 3 மீட்டர் தொலைவில்தான் அமர்ந்திருப்பார்.