பின்படிக்கட்டு

2019 ஜூன் மாதம் கல்லூரிகள் திறந்த சமயத்தில் வந்த அந்த வீடியோவைச் சென்னையில் பார்க்காதவர்கள் குறைவு. ஓடும் பஸ்ஸின் கூரைமேல் பையன்கள் கும்பலாக நின்று கத்திக்கொண்டு வருகிறார்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். மேலே இருந்தவர்கள் முன்கண்ணாடி வழியாகக் கொத்தாகச் சரிந்து சாலையில் விழுகிறார்கள். என்னோடு வண்டி ஓட்டிய பழைய டிரைவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "நம்ம காலத்துல ஒருத்தனும் இப்படி விழல பாரு" என்று பெருமையாகக் குரல் பதிவும் போட்டிருந்தார்.

நான் ஓய்வு பெற்று அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வீடியோவில் கண்டக்டர் தெரியமாட்டார். ஆனால் அவர் எங்கே இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விசிலை வாயில் வைத்தும் ஊதாமல் உட்கார்ந்திருப்பார். அந்த சீட்டில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன்.

1983இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பல்லவன் போக்குவரத்துக் கழகம். 1997இல் தலைவர்கள் பெயர், மன்னர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெயர்தான் மாறியது, சட்டைப் பாக்கெட்டில் காயின் ஓட்டை போடுவது மாறவில்லை. என் ரூட் நம்பரைச் சொல்லமாட்டேன். அந்த நம்பரில் இன்னும் பஸ் ஓடுகிறது, அதில் இன்னும் பையன்கள் ஏறுகிறார்கள். கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை கண்டக்டர் சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். மதுரையிலோ திருநெல்வேலியிலோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து டிக்கெட் கொடுப்பார்கள். இங்கே காசு கைக்குக் கை மாறி பின்னால் வரும், டிக்கெட்டும் பாக்கியும் அதே வழியில் திரும்பிப் போகும். முகம் தெரியாத பத்துக் கைகளை நம்பித்தான் இந்த ஊரில் பஸ் ஓடுகிறது. பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். கல்லூரிப் பையன்கள் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை, பின்படிக்கட்டு. அதாவது என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

ஆளுக்கு ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அதையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மடியில் போட்டுவிட்டுத் தொங்குவார்கள். படியில் ஒரு கால், ஜன்னல் கம்பியில் ஒரு கை, மற்றொரு கை தகரத்தில் தாளம். கானா அங்கே பிறக்கவில்லை. அது வடசென்னையின் சாவு வீட்டிலிருந்து வந்த பாட்டு. ஆனால் அதற்கு மேளமாக மாநகரப் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைக் கண்டுபிடித்தது இந்தப் பையன்கள்தான். நல்ல தாளக்காரன் ஏறினால் எனக்கே கால் ஆடும். காலையில் பாட்டு கேட்டே எந்த ஸ்டாப் வந்தது என்று இன்வாய்ஸில், அதாவது டிக்கெட் கணக்கு எழுதும் தாளில், ஸ்டேஜ் போட்டிருக்கிறேன், குனிந்து வெளியே பார்க்காமல்.

பாட்டில் அன்றைக்கு ஏறிய பெண்ணின் தாவணி நிறம் வரும். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு பெண் தினமும் எங்கள் வண்டியில் வந்தவள், ஒரு கட்டத்தில் முக்கால் மணி நேரம் முந்தைய வண்டிக்கு மாறிவிட்டாள் என்று அந்த வண்டியின் கண்டக்டர் டெப்போவில் சொன்னார். எதற்கு மாறினாள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அது உறைத்தது.

இவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலும் நகரத்தின் ஓரத்திலிருந்தும் அதைத் தாண்டிய கிராமங்களிலிருந்தும் வருபவர்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், செங்கல் சூளை, விவசாயக் கூலி. வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. வகுப்பில் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறவன், பஸ்ஸில் ராஜா. ஒரே ரூட்டில் வருகிறவன் ஒரே தெருக்காரன் மாதிரி. கல்லூரியில் மாணவர் சேர்மன் தேர்தல் வந்தால் வகுப்பு வாரியாக எண்ண மாட்டார்கள், ரூட்டு வாரியாக எண்ணுவார்கள். எந்த ரூட்டில் எத்தனை ஓட்டு, அது யார் பேச்சைக் கேட்கும். இப்படித்தான் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஓர் ஆள் வந்தான். பிற்பாடு "ரூட்டு தல" என்று பத்திரிகைகளில் வந்தது. நான் சேர்ந்த புதிதில் அந்தச் சொல் என் காதில் விழுந்ததில்லை. சீனியர் என்பார்கள், இல்லாவிட்டால் அவன் ஊர்ப் பெயரைச் சொல்லி "அந்த ஊர்க்காரன்" என்பார்கள்.

சரி, அவனைத் தல ஆக்கியது யார்? போலீஸ், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார்கள். என் பங்கை நான் சொல்கிறேன்.

நாற்பது பையன்கள் தொங்குகிறார்கள். யாரிடம் பாஸ் இருக்கிறது, யாரிடம் இல்லை, தெரியாது. உள்ளே வா என்றால் ஒருத்தனும் வரமாட்டான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் திட்டுகிறார். அடுத்த ஸ்டாப்பில் செக்கர் நின்றால் டிக்கெட் இல்லாத ஆளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நாற்பது பேரிடம் பேச என்னால் முடியவில்லை. ஒரு நாள் படிக்கட்டைப் பார்த்துக் கேட்டேன்: "இங்க யாருப்பா பெரியவன்?"

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தப் பையன் நெட்டையாக இருந்தான். நெட்டை என்றே வைத்துக்கொள்வோம். "சொல்லுண்ணா" என்றான். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது. செக்கர் நிற்கிற இடம் வந்தால் அவன் ஒரு சத்தம் கொடுப்பான், படிக்கட்டு காலியாகும். காசு முன்னாலிருந்து வந்தால் அவன் ஆட்கள் வாங்கிக் கொடுப்பார்கள், ஒரு நாளும் பத்துப் பைசா குறைந்ததில்லை. பதிலுக்கு அவன் கை காட்டுகிறவனிடம் நான் பாஸ் கேட்க மாட்டேன். அவர்கள் கூட்டமாக ஓடி வந்தால் டிரைவர் ஸ்டாப் தாண்டியும் ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

வேலை சுலபமானது. நிம்மதியாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் புதிதாக அந்தப் படியில் ஏறுகிறான் என்று நினைத்துப் பாருங்கள். அவன் முதல் நாள் பார்ப்பது என்ன? காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர், அரசாங்க ஆள், நெட்டையிடம் மட்டும் பேசுகிறார். நெட்டை சொன்னால் விசில் அடிக்கிறார். இதை அவனுக்கு வேறு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நெட்டை படிப்பை முடித்துப் போனபோது அந்த இடத்துக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். இடம் என்று ஒன்றிருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் டேயும் இப்படித்தான். பையன்கள் தாங்கள் தினமும் வரும் பஸ்ஸை வருஷத்தில் ஒரு நாள் அலங்கரித்துக் கொண்டாடுவதுதான் பஸ் டே. இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே கல், கண்ணாடி, தடியடி என்றுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு முதலில் நடந்தது வேறு மாதிரி. வண்டியில் வாழைமரம் கட்டி, பலூன் கட்டி, முன்னால் பேண்டு வாத்தியம் வைத்து, டிரைவருக்கும் எனக்கும் மாலை போட்டு, ஆளுக்கு ஒரு பேண்ட் சட்டைத் துணி வைத்துக் கொடுத்தார்கள். "வருஷம் பூரா எங்கள ஏத்திக்கினு போனீங்கண்ணா" என்றான் ஒருவன். என் வேலையில் எனக்கு யாரும் மாலை போட்டது அதற்கு முன் இல்லை. அப்புறம் ஓய்வு பெற்ற அன்று போட்டார்கள். துணியைத் தைத்துத் தீபாவளிக்குப் போட்டுக்கொண்டேன். அதற்கான பணம் பயணிகளிடமும் வழியில் இருந்த கடைக்காரர்களிடமும் வசூலித்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். கேட்டபோது துணி பழசாகிவிட்டது.

வருஷா வருஷம் கொண்டாட்டம் பெரிதானது. ஒரு ரூட் ஒரு வண்டி எடுத்தால் அடுத்த ரூட் இரண்டு எடுத்தது. கேட்டு வாங்கிய வண்டி போய், மறித்து எடுக்கிற வண்டி ஆனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் பஸ் டேவுக்குத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் நடந்தது என்பதற்கு மேலே சொன்ன வீடியோவே சாட்சி, அதுவும் ஒரு பஸ் டேதான். அடுத்த மாதமே, 2019 ஜூலையில், அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்துப் பட்டாக்கத்தியால் மாணவனை மாணவன் வெட்டினான். போலீஸ் ரூட்டு தலைகளைப் பட்டியல் எடுத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது. செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. அவர்களும் நான் கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வண்டியில் கல் விழுந்தது அதற்கெல்லாம் ரொம்ப முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில். இன்னொரு கல்லூரிப் பையன்களோடு ஏதோ தகராறு. என்ன தகராறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எறிந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்காது. சாயங்கால சிங்கிள், அதாவது ஒரு வழி நடை. சிக்னலில் வண்டி நின்றது. முதல் கல் பின்கண்ணாடியில். அப்புறம் சோடா பாட்டில், டியூப் லைட். எங்கள் படியில் இருந்தவர்கள் குதித்து அவர்கள் பக்கம் ஓடினார்கள். அன்றைக்கு எங்கள் ரூட்டின் பெரியவன் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தான். அவன் நோட்டுக்குள்ளிருந்து என்ன எடுத்தான் என்பதை நான் பார்த்தேன். நோட்டு இவ்வளவு தடிமனாக இருக்கிறதே என்று காலையில் நினைத்தும் இருந்தேன்.

வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குக் காதோரம் கண்ணாடி கிழித்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. பெண்கள் சீட்டுக்கு அடியில் குனிந்திருந்தார்கள். என் பை கவிழ்ந்து சில்லறை முழுக்கக் கீழே. கண்ணாடிச் சில்லுக்கு நடுவே நான் முதலில் பொறுக்கியது சில்லறையை. பெரியவருக்குத் துண்டு கொடுத்தது டிரைவர்தான், இறங்கி வந்து.

ஸ்டேஷனில் இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "தினம் உங்க வண்டியிலதான வர்றானுங்க. யாருன்னு சொல்லுங்க" என்றார். பெயர் தெரியும். ஏறும் ஸ்டாப் தெரியும். அவன் தங்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்பதுகூடத் தெரியும், அவளுக்கு ஒரு முறை பாஸ் எழுத உதவியிருக்கிறேன். "கூட்டத்துல சரியா பார்க்கல சார்" என்றேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். விடிந்தால் அதே சீட்டில் நான் உட்கார வேண்டும். அந்தக் கணக்கு ஒன்று. அவன் படிப்பு போய்விடும் என்பது இன்னொன்று. எது முன்னால் வந்தது என்று இவ்வளவு வருஷம் கழித்து எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலை வேறு வண்டி கொடுத்தார்கள். அவன் ஸ்டாப்பில் ஏறினான். படியில் நிற்காமல் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கையில் நோட்டு இல்லை. படியில் இருந்தவர்கள் பாடவில்லை, தகரத்தைத் தட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினான். உள்ளங்கையில் சரியான சில்லறை.

"பாஸ் இருக்கே தம்பி, எதுக்கு டிக்கெட்?" என்றேன்.

"இருக்கட்டும்ணா."

கிழித்துக் கொடுத்தேன். ஸ்டேஜ் வந்ததும் இன்வாய்ஸில் எழுதினேன்.