பொது அறிவுக்கு 75 கேள்வி: என் குரூப் 4 நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

தமிழ்நாடு அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. 3,935 இடங்கள், தேர்வு ஜூலை 12 சனிக்கிழமை. இன்னும் 69 நாள் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை வேலை காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. ஆக, விடியற்காலை இரண்டு மணி நேரம், ராத்திரி ஒன்றரை மணி நேரம்தான் என் கையில்.

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழும் கணக்கும் எனக்குக் கைகொடுக்கும். போன வருஷம் பொது அறிவில்தான் சறுக்கினேன், 75க்கு 44. ஒருவரிக் குறிப்புகளாக வந்த பிடிஎஃப்களை அச்செடுத்து மனப்பாடம் செய்ததன் பலன் அது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலும் கை நின்றுவிடுகிறது.

இந்த முறை பள்ளிப் புத்தகம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலும் அறிவியலும் சித்தப்பா பிள்ளைகளிடமும் எதிர்வீட்டு அக்காவிடமும் வாங்கி அடுக்கிவிட்டேன். அக்காவும் எழுதுகிறார். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிறார்.

மே 9, வெள்ளி

இன்று ஒரு விஷயத்தில் மனசு ரொம்பக் கசந்துவிட்டது. போன வருஷம் ஒரு பயிற்சி மையத்தில் காசு கட்டி வாங்கிய வினாத்தொகுப்பில் ‘42ஆவது சட்டத்திருத்தத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகள் எத்தனை?’ என்று ஒரு கேள்வி. விடை 11 என்று போட்டிருந்தார்கள். ஒரு வருஷமாக அதுதான் என் மண்டையில் இருந்தது. இன்று புத்தகத்தைப் புரட்டினால், 1976இல் சேர்த்தவை 10. பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு 6 முதல் 14 வயது வரை கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற பதினொன்றாவது கடமை 2002இல், 86ஆவது திருத்தத்தில்தான் வந்தது. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 21ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான்.

அரசு பிள்ளைக்குக் கல்வி கொடுக்க வேண்டும், பெற்றோர் பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே திருத்தத்தில் ஜோடியாக வந்தன என்று புரிந்த பிறகு 86 என்ற எண் இனி மறக்காது. காசு வாங்கிக்கொண்டு தப்பான விடையைக் கொடுப்பவர்கள், அதை நம்பி ஒருத்தி ஒரு வருஷத்தைக் கழிக்கிறாள் என்பதைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மே 14, புதன்

உச்ச நீதிமன்றத்தின் 52ஆவது தலைமை நீதிபதியாக பி.ஆர். கவாய் இன்று பதவியேற்றார். கே.ஜி. பாலகிருஷ்ணனுக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வரும் இரண்டாவது தலித். நடப்பு நிகழ்வு நோட்டில் இதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே அரசியலமைப்புப் பாடத்தையும் எழுதிக்கொண்டேன்: பிரிவு 124, ஓய்வு வயது 65, உயர் நீதிமன்றத்துக்கு 62. செய்தியைத் தனியாகவும் பாடத்தைத் தனியாகவும் வைத்தால் இரண்டுமே நிற்பதில்லை.

அப்புறம் ஐந்து நீதிப்பேராணைகள். பெயரைப் பார்த்தாலே அக்காவுக்குத் தலை சுற்றுகிறது. கதையாகச் சொன்னேன். ஒருவரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்றால் ஆட்கொணர்வு. ஒரு அதிகாரி தன் வேலையைச் செய்யவில்லை, ‘செய்’ என்றால் கட்டளையுறுத்தும் ஆணை. கீழ் நீதிமன்றம் எல்லை மீறுகிறது, ‘நிறுத்து’ என்றால் தடையுறுத்தும் ஆணை. ‘அந்த வழக்குக் கட்டை மேலே அனுப்பு’ என்றால் ஆவணக்கேட்பு. ‘எந்தத் தகுதியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்?’ என்றால் தகுதிமுறை வினவும் ஆணை. அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

மே 27, செவ்வாய்

பத்தாம் வகுப்பு அறிவியலை ராத்திரி அடுப்படியிலேயே படித்தேன். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக். கையில் எறும்பு கடித்துச் சுரீரென்றது, அது ஃபார்மிக். ஆப்பமாவில் போடும் சோடா உப்பு சோடியம் பைகார்பனேட். மோரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், புஸ்ஸென்று நுரைத்தது. மோரில் இருக்கும் அமிலமும் சோடா உப்பும் சேர்ந்து வெளியேறுவது கரியமில வாயு. அம்மா மோரைக் கீழே ஊற்ற வேண்டியதாகிவிட்டது, திட்டினாள். சரி, அந்த வினை இனி எந்த ஜென்மத்திலும் மறக்காது.

ஜூன் 8, ஞாயிறு

கடை விடுமுறை. பத்தாம் வகுப்பு வரலாற்றில் தமிழ்நாட்டின் விடுதலைப் போராட்டம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் புறப்படுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம். நாமக்கல் கவிஞர் எழுதிய ‘கத்தியின்றி இரத்தமின்றி’ பாட்டோடு நடை.

சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி உலக்கையை நிறுத்திவிட்டு, “இந்த ரோட்டுல நடந்து போனாங்களே, அதா?” என்றது.

எங்கள் வீடு மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இருக்கிறது. தினமும் பஸ் ஏறும் சாலை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை எனக்கு.

அப்பாயியின் அப்பா அப்போது சின்னப் பையனாம். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடப்பவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் நேராகக் கையில் கொடுக்காமல் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். “எங்க அய்யாவும் ஒரு பொட்டலம் கட்டுச்சாம். கை எட்டலன்னு எங்க அப்பத்தா தூக்கிப் புடிச்சுச்சாம்” என்றது அப்பாயி. புளியஞ்சோறா, கட்டித் தயிரா என்று கேட்டேன். “அது எனக்கு எப்புடிடி தெரியும்” என்று மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பெடுத்து ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் உடனிருந்து உழைத்தவர் வேதரத்தினம் பிள்ளை. இதில் எந்தத் தேதியையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. சாயங்காலம் சாலையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். புளியமரங்கள் ரெண்டு மூணுதான் மிச்சம்.

ஜூன் 15, ஞாயிறு

குழப்பம். இந்தியக் கடற்கரை நீளம் புத்தகத்தில் 7,516.6 கிலோமீட்டர். அண்மையில் அரசு திருத்தி அறிவித்தது 11,098.81. கடல் வளர்ந்துவிடவில்லை. பழைய அளவு 1970களில் சிறிய அளவுகோலில் வரைந்த வரைபடத்தை வைத்து எடுத்தது. இப்போது 1:2,50,000 அளவுகோலில் எடுத்ததால் வளைவு, கழிமுகம், சிற்றோடை எல்லாம் கணக்கில் வந்துவிட்டன. மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் துணியை நூல் பிடித்து அளந்த மாதிரி.

இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். கேள்வியில் புதிய கணக்கீடு என்று வந்தால் புதியது, இல்லாவிட்டால் தெரிவுகளைப் பார்த்து முடிவு செய்வேன்.

ராம்சார் பட்டியலில் வரும் ஈரநிலங்களும் இப்படித்தான். தமிழ்நாட்டில் முதலாவது நம் கோடியக்கரை, 2002இல். இந்தப் பிப்ரவரியோடு 20. பழைய குறிப்பேட்டை நம்பியிருந்தால் போச்சு.

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் கடையில் கூட்டமில்லை. சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் போய்ச் சேர்ந்ததை செல்போனில் பார்த்தேன். அங்கே கால் வைத்த முதல் இந்தியர். விண்வெளிக்குப் போன இரண்டாவது இந்தியர், முதலாமவர் 1984இல் சோயுஸ் டி-11 கலத்தில் போன ராகேஷ் சர்மா. நடுவில் 41 வருஷம். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் அப்போது ரேடியோவில் கேட்டதைச் சொன்னார். அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு போன பிறகும் எனக்கு மயிர்க்கூச்சு அடங்கவில்லை.

ஜூலை 5, சனி

வீட்டிலேயே முழு மாதிரித் தேர்வு, மூன்று மணி நேரம். பொது அறிவில் 75க்கு 61.

விடைத்தாளில் வட்டம் நிரப்பிப் பழகினேன். கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் 200 வட்டம் நிரப்ப எனக்கு 22 நிமிஷம் ஆகிறது. தெரியாத கேள்விக்கு ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது, எதையும் நிரப்பாமல் விடக்கூடாது. தப்புக்குக் கழிவு கிடையாது என்பதால் இரண்டு தெரிவுக்கு வந்து நிற்கிற கேள்வியில் ஒன்றைத் துணிந்து நிரப்பிவிடுவேன். இருபத்தைந்து கேள்விக்கு ஒருமுறை எண் சரியா என்று பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். ஒரு வரி மாறினால் அத்தனையும் மாறிப்போகும்.

அக்கா 52 எடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சல், நாலு நாளாகப் படிக்கவே இல்லை. அதோடு வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவருக்கு வேலை கிடைக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. ஹால் டிக்கெட், ஆதார், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில். திருத்துறைப்பூண்டியில்தான் மையம், ஏழே காலுக்குப் பஸ். அக்காவும் நானும் சேர்ந்து போகிறோம், குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாள்.

ராத்திரி புதிதாக எதையும் படிக்கவில்லை. வேதாரண்யம் பாடத்தை மட்டும் ஒருமுறை புரட்டினேன்.

அப்பாயி பாயை உதறிப் போட்டுக்கொண்டே கேட்டது: “பரீட்சை எத்தனை மணிக்கு முடியும்?”

பன்னிரண்டரைக்கு என்றேன்.

“வெறும் வயித்தோட பஸ்ஸுக்கு நிப்பீங்களா ரெண்டு பேரும்? அஞ்சு மணிக்கு எழுந்து எலுமிச்சஞ்சோறு கிண்டி ரெண்டு பொட்டலமா கட்டித் தாரேன். இலையை இப்பவே அறுத்து வை.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் இரண்டு நுனி இலை அறுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.